வைப்பரும் முன்சீட்டும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனிடம் பெரும்பாலும் கிளட்ச், கியர் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை வைப்பர், முன்சீட் இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பட்டன் எங்கே, லீவரை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்பதெல்லாம் காருக்குக் கார் மாறும். அதற்கு உங்கள் காரோடு வந்த கையேடுதான் முடிவான பதில்.

கேள்வி: சார், வைப்பர் லீவரில் மிஸ்ட், இன்ட், லோ, ஹை என்று நாலு இருக்கிறது. மழை வந்தால் பதற்றத்தில் எதையாவது தட்டிவிடுகிறேன். எது எப்போது?

மிஸ்ட் என்பது ஒரே ஒரு துடைப்பு. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் அது போதும். கையை எடுத்ததும் லீவர் பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்ட், விட்டு விட்டுத் துடைப்பது, தூறலுக்கு. பல கார்களில் லீவரிலேயே ஒரு சின்ன வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் இரண்டு துடைப்புக்கு நடுவில் உள்ள இடைவெளி கூடும், குறையும். லோ சாதாரண மழைக்கு, ஹை கொட்டுகிற மழைக்கு.

ஹை பற்றி ஒரு விஷயம். மழையில் லாரியை முந்தும்போது அதன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் ஓரிரு விநாடி எதுவுமே தெரியாது. தண்ணீர் விழுந்த பிறகு லீவரைத் தேடினால் அந்த ஓரிரு விநாடியும் போய்விடும். முந்த ஆரம்பிக்கும் முன்பே ஹைக்குப் போய்விடுங்கள்.

இந்த 'விட்டு விட்டு' முறைக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ் மின்னணு முறையில் இதைச் செய்து 1964இல் விண்ணப்பித்து 1967இல் காப்புரிமை வாங்கினார். தன் காப்புரிமையை மீறிவிட்டார்கள் என்று ஃபோர்டு, கிரைஸ்லர் மீது வருடக்கணக்கில் வழக்கு நடத்திப் பணமும் பெற்றார். அடுத்த தூறலில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதற்றத்துக்கு மருந்து பழக்கம்தான். நிறுத்திய காரில் உட்கார்ந்து, முதலில் கண்ணாடியை நனைத்துவிட்டு, லீவரைப் பார்க்காமல் ஒவ்வொரு நிலைக்கும் போய்ப் பாருங்கள். சாலையைப் பார்த்துக்கொண்டே கை தானாகப் போகிற வரை செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, நண்பன் காரை எடுத்தேன். திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. எல்லோரும் சிரித்தார்கள். ஏன் இப்படி?

உங்கள் தப்பில்லை. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும் ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் இண்டிகேட்டர் வலது கையில், வைப்பர் இடது கையில். ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சிரிப்பதற்கான விஷயமாக மட்டும் இதை விட்டுவிடாதீர்கள். வைப்பர் ஓடியது என்றால் இண்டிகேட்டர் எரியவில்லை, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திரும்பப் போவது தெரியாது என்று அர்த்தம். அடுத்தவர் காரில் ஏறினால் கிளம்பும் முன் இரண்டு லீவரையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் வெறும் தூசிதான். இரண்டு தடவை வைப்பர் போட்டால் போய்விடுமே, தண்ணீர் எதற்கு?

தூசி என்று நீங்கள் சொல்வதில் மணலும் இருக்கிறது. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் ரப்பர் அந்த மணலைக் கண்ணாடி மேல் தேய்த்துக்கொண்டு போகும். வில் மாதிரி வளைந்த கீறல்கள் விழும். பகலில் தெரியாது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறும்போதுதான் தெரியும். அப்போது கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழி இருக்காது. ரப்பரின் விளிம்பும் கெட்டுவிடும்.

பெரும்பாலான கார்களில் லீவரை உங்களை நோக்கி இழுத்தால் தண்ணீர் பீய்ச்சி, வைப்பர் தானே சில முறை துடைக்கும். தண்ணீர் வரவில்லை என்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். காலித் தொட்டியில் பம்ப் ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும்.

தொட்டியில் வாஷர் திரவம் ஊற்றுவது நல்லது. வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் பீய்ச்சும் துளைகளில் உப்புப் படிந்து அடைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நுரைத்து, காய்ந்து, கண்ணாடியில் படலமாக நிற்கும். ரேடியேட்டர் கூலன்ட்டை மட்டும் தவறியும் ஊற்றாதீர்கள், கண்ணாடி பூராவும் ஈஷிவிடும். பானெட்டுக்குள் இரண்டு தொட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குழப்பும். மூடியில் கண்ணாடியும் தண்ணீரும் வரைந்த படம் இருப்பதுதான் வாஷர்.

கேள்வி: என் கார் வைப்பரில் மழை பட்டால் தானே ஓடும் 'ஆட்டோ' நிலை உண்டு. மழையே இல்லை, அதில் வைத்த வைப்பர் திடீரென்று ஓடுகிறது. பேய் பிடித்துவிட்டதா?

பேய் இல்லை, சென்சார். பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். கண்ணில் படாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாக அனுப்பும். வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி முழுதாகப் பிரதிபலித்துத் திரும்பி வரும். துளி இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் ஒளி வெளியே நழுவிவிடும். திரும்பி வருவது குறைந்தால் 'மழை' என்று கணக்குப் போட்டு வைப்பரை ஓட்டும். பூச்சி அடித்த கறை, அழுக்கு, அந்த இடத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் அதை ஏமாற்றும். அந்த இடத்தைத் துடைத்து வையுங்கள்.

காரைக் கழுவும்போதும், கண்ணாடியைக் கையால் துடைக்கும்போதும் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ஈரத்துணியோடு சென்சார் இருக்கும் இடத்தைத் தொட்டால் வைப்பர் கிளம்பிவிடும்; விரல் மாட்டினால் நன்றாகவே வலிக்கும்.

கேள்வி: வைப்பர் கட கடவென்று குதித்துக்கொண்டே போகிறது. பிளேடு புதுசு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். முதல் சந்தேகம் கண்ணாடி மேல்தான். மெழுகு பாலிஷ், மரத்துப் பிசின், வண்டிப் புகையின் எண்ணெய் ஏதாவது படிந்திருந்தால் புது ரப்பரும் வழுக்கி, பிடித்து, வழுக்கிக் குதிக்கும். கண்ணாடியைக் கண்ணாடிக்கான திரவத்தால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பை ஒரே திசையில் துடையுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும்.

இல்லையென்றால் கையின் கோணத்தைப் பாருங்கள். கை என்றால் பிளேடைத் தாங்கும் இரும்புக் கம்பி. ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று, போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறு பக்கமும் சாய வேண்டும். கை முறுக்கியிருந்தால் ஒரு திசையில் ஒழுங்காகப் போய் மறு திசையில் குதிக்கும். ஒரு திசையில் மட்டும் சத்தம் வந்தால் இதுதான் காரணமாக இருக்கும். மெக்கானிக் நிமிர்த்திக் கொடுப்பார்.

குதிப்பது வேறு, கோடு விடுவது வேறு. ஒரே இடத்தில் மெல்லிய கோடு நின்றால் அங்கே ரப்பர் கிழிந்திருக்கிறது அல்லது தூசு சிக்கியிருக்கிறது. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பிளேடை மாற்றிவிடுவது நல்லது. வெயிலிலேயே நிற்கும் காரில் ரப்பர் ஓடாமலே கெட்டியாகிவிடும்.

கேள்வி: பிளேடு மாற்றலாம் என்று கையைத் தூக்கினால் பானெட்டில் இடிக்கிறது. எப்படித் தூக்குவது?

பலவந்தமாகத் தூக்காதீர்கள், பானெட் பெயின்ட் போய்விடும். இப்படி வைப்பர் பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கார்களுக்கு 'சர்வீஸ் நிலை' என்று ஒன்று உண்டு. பல கார்களில் இக்னிஷனை அணைத்த சில விநாடிக்குள் வைப்பர் லீவரை ஒரு தட்டு தட்டினால் வைப்பர் மேலே வந்து நின்றுவிடும். சிலவற்றில் திரையில் மெனுவாக இருக்கும்.

பழைய பிளேடைக் கழற்றியதும் கண்ணாடி மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். கையில் இருக்கும் ஸ்பிரிங் பலமானது. பிளேடு இல்லாத இரும்பு நழுவி விழுந்தால் முன்கண்ணாடி விரிசல் விடும். ஓட்டுநர் பக்கமும் அடுத்த பக்கமும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது, அளந்து வாங்குங்கள். கை தூக்கியிருக்கும்போது பானெட்டைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: மழையில் ஹையில் போட்டும் எதிரே மங்கலாகவே இருக்கிறது.

விரலால் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது ஆவி, வைப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள்.

கேள்வி: பனி விழும் ஊரில் இருக்கிறேன். காலையில் வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது.

இரவு இக்னிஷனை அணைக்கும் முன் வைப்பரை அணைத்தீர்களா என்று பாருங்கள். அணைக்காமல் விட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறைந்த பிளேடை மோட்டார் இழுக்கும். ஃபியூஸ் போகும், அல்லது உள்ளே இருக்கும் இணைப்புக் கம்பி கழன்றுவிடும். வெந்நீர் ஊற்றுவது கூடவே கூடாது, கண்ணாடி வெடிக்கும். உள்ளிருந்து சூடான காற்றை விட்டுப் பொறுமையாக இளக்குங்கள். கண்ணாடி சூடேறும் வரை வாஷரையும் தொடாதீர்கள், பீய்ச்சியது அப்படியே உறையலாம்.

கேள்வி: தம்பி, எனக்கு 58 வயது, இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். சீட்டை எவ்வளவு முன்னால் வைக்க வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அம்மா, வரிசையாகச் செய்தால் குழப்பம் வராது. முதலில் இடுப்பை முதுகுச் சாய்மானத்தோடு ஒட்டி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். உயரம் கூட்டும் வசதி இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங்குக்கு மேலாகச் சாலை தெளிவாகத் தெரிய வேண்டும், தலைக்கும் கூரைக்கும் நடுவில் இடம் இருக்க வேண்டும்.

அடுத்து முன்னே பின்னே. கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். கியர் இல்லாத கார் என்றால் பிரேக்கைப் பலமாக மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் தூரம். அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியாது, மோதல் நேர்ந்தால் அடி நேராக இடுப்புக்குப் போகும்.

மூன்றாவது முதுகு. தோளைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் முதுகை நிமிர்த்துங்கள். அப்புறம் ஹெட்ரெஸ்ட், அப்புறம் பெல்ட், கடைசியில் கண்ணாடிகள். சீட் நகர்ந்தால் கண்ணாடியில் தெரிவதும் மாறிவிடும் என்பதால் அது எப்போதும் கடைசி.

கேள்வி: நான் குள்ளம். கிளட்ச் எட்ட வேண்டுமென்றால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும் அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏர்பேக்குக்கு அருகே உட்காரக் கூடாது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து உங்கள் மார்பெலும்பு வரை குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும். விரிந்து முடித்த பையில் நீங்கள் போய் விழுந்தால் அது தாங்கும். விரிகிற வழியிலேயே நீங்கள் இருந்தால் அதுவே அடிக்கும்.

முதலில் சீட்டின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதுகைக் கொஞ்சம் மட்டும் பின்னால் சாயுங்கள். ஸ்டியரிங்கை உள்ளே தள்ளும் வசதி இருந்தால் தள்ளுங்கள். கீழே சாய்த்தால் பை முகத்தை விட்டு மார்பைப் பார்க்கும். தடித்த மெத்தையை முதுகுக்கு வைத்துச் சமாளிப்பது வேண்டாம், இடிக்கும்போது அது அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் 25 செ.மீ. வராவிட்டால் வேறு கார் பார்ப்பதுதான் நல்லது. கார் வாங்கும்போது நிறத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போதோ, மெதுவாகப் போகும்போதோ சீட்டைச் சரிசெய்துகொள்ளலாமா?

வேண்டாம். லீவரைத் தூக்கிய கணத்தில் சீட் தண்டவாளத்தில் பூட்டில்லாமல் நிற்கிறது. அந்த நேரம் பிரேக் போட்டால் சீட் உங்களோடு முன்னால் பாயும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்னால் போய்க் கால் பெடலை விட்டுவிடும். சிக்னலில் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் நீங்கள் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புவீர்கள். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுச் செய்யுங்கள். லீவரை விட்டதும் உடம்பை முன்னும் பின்னும் உந்திப் பாருங்கள், இரண்டு பக்கத் தண்டவாளமும் பூட்டினால்தான் அசையாது. பின்னால் தள்ளும் முன் பின்சீட்டில் இருப்பவரின் கால் எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டியரிங் உயரத்துக்கும் இதே விதிதான்.

கேள்வி: என் கணவர் பக்கத்து சீட்டை முழுக்கச் சாய்த்துத் தூங்குவார், காலை டேஷ்போர்டில் போட்டுக்கொள்வார். நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள் அண்ணா.

சொல்கிறேன், படித்துக் காட்டுங்கள். சாய்ந்து படுத்தால் தோள் பெல்ட் நெஞ்சை விட்டு அந்தரத்தில் நிற்கும். இடிக்கும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும், இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கும். டேஷ்போர்டில் கால் இன்னும் மோசம். அதற்குள் இருக்கும் ஏர்பேக் மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் வெளியே வரும், காலை மடக்கி முகத்தில் மோத வைக்கும். தொடை, இடுப்பு இரண்டும் போகும். தூங்கட்டும், பாவம், ஆனால் நிமிர்ந்த சீட்டில், கால் தரையில்.

கேள்வி: ஹெட்ரெஸ்ட் கழுத்துக்குத் தலையணையா?

இல்லை. பின்னாலிருந்து இடித்தால் தலை பின்னுக்கு வெட்டாமல் தடுக்கத்தான் அது. மேல் விளிம்பு உச்சந்தலை அளவுக்கு இருக்கட்டும், முடியாவிட்டால் காதின் மேல்பகுதிக்குக் கீழே இறங்க வேண்டாம். தலைக்கும் அதற்கும் இடைவெளி முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். கழற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: சீட்டுக்கு அடியில் போன் விழுந்துவிட்டது. எடுக்கப் போனால் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதை இழுத்துவிட்டேனோ என்று பயம்.

மஞ்சள் என்றால் ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நீங்களே மாட்டிப் பார்க்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், விபத்தில் பை விரியாமல் போகலாம். அடுத்த முறை காரை அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக் கையை விடுங்கள். அங்கே விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும். முக்கியமாக, தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் உட்காரும்.

கேள்வி: பட்டன் சீட். நானும் அண்ணனும் ஒரே காரை ஓட்டுகிறோம். மெமரி 1, 2 என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லைதானே?

வசதிதான். ஆனால் உட்கார்ந்த பிறகு எண்ணை அழுத்துங்கள், அதுவும் கார் நிற்கும்போது. பின்சீட்டில் குழந்தை இருந்தால் சீட் நகர்ந்து முடியும் வரை கண் அங்கேயே இருக்கட்டும். வழியில் கால் இருக்கிறதா என்று எல்லா மோட்டாரும் பார்க்காது. சில கார்களில் மெமரி சீட்டை மட்டும்தான் நினைவில் வைக்கும், பக்கக் கண்ணாடிகள் அண்ணன் வைத்த இடத்திலேயே இருக்கும்.