ரவுட்டர் மாறினால் படங்கள் தொலையாது

கல்முனையில் ஸ்டூடியோ நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "4ஜி ரவுட்டரைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட்டோம். அன்றிலிருந்து நாஸ் பெட்டி (ரவுட்டர் வழியாகப் படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) லப்டொப்பில் திறக்கவில்லை. ஆறு வருடக் கலியாணவீடு, சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெட்டியில் பச்சை லைட் எரிகிறது. ரீசெட் பண்ணவா, டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கவா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் அக்கா. டிஸ்க்கில் கையே வைக்காதீர்கள். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். அந்த டிஸ்க்கை விண்டோஸ் லப்டொப்பில் கொழுவினால் அதற்கு வாசிக்கத் தெரியாது. ஃபோர்மட் செய்யவா என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். ஆரையம்பதியிலிருந்து ஒருவர், பதற்றத்தில் அதற்கு 'சரி' கொடுத்துவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். பாதிப் படங்கள்தான் மீண்டன. அவருடைய பெட்டியிலும் பழுது எதுவும் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு இலக்கம் போல ஒரு ஐபி எண் கொடுக்கும். பல 4ஜி ரவுட்டர்கள் 192.168.8 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும். ஃபைபர் ரவுட்டர்கள் பலவற்றில் அது 192.168.1. உங்கள் நாஸுக்கு யாரோ 192.168.8.20 போல ஒரு நிலையான எண்ணைப் போட்டுத் தந்திருப்பார்கள். லப்டொப் புது ஒழுங்கைக்குக் குடிவந்துவிட்டது, நாஸ் இன்னும் பழைய ஒழுங்கையில் நிற்கிறது.

பழைய ரவுட்டர் வீட்டில் கிடக்கிறதா? அப்படியென்றால் வேலை சுலபம். சிம், இணையம் எதுவும் தேவையில்லை, கரண்ட் கொடுத்தால் போதும். நாஸையும் லப்டொப்பையும் அதில் வயரால் இணையுங்கள், லப்டொப்பின் வைஃபையை நிறுத்துங்கள். பிரவுசரில் நாஸின் பழைய எண்ணை அடியுங்கள். எண் மறந்துவிட்டதென்றால், லப்டொப்பில் நீங்கள் வழமையாகத் திறக்கும் இசட் டிரைவின் பெயரையோ ஷோர்ட்கட்டையோ பாருங்கள், அநேகமாக அதிலேயே இருக்கும். நாஸ் சினோலஜி கம்பனியுடையது என்றால் எண்ணுக்குப் பின்னால் :5000, கியூநாப் என்றால் :8080 சேர்க்க வேண்டும். மாற்றாமல் விட்டிருந்தால் இவைதான். உள்ளே போய் நெட்வேர்க் பகுதியில் ஐபியைத் தானாகப் பெறும்படி, அதாவது டிஎச்சிபிக்கு, மாற்றிச் சேமியுங்கள். அப்புறம் நாஸை முறைப்படி நிறுத்தி, வயரைப் புது ரவுட்டருக்கு மாற்றி, மறுபடி இயக்குங்கள்.

பழைய ரவுட்டர் இல்லையென்றால், லப்டொப்பையும் நாஸையும் ஒரே வயரால் நேரே இணைத்து, லப்டொப்பின் நெட்வேர்க் அமைப்பில் ஐபி எண்ணாகக் கையால் 192.168.8.50, மாஸ்க் என்ற கட்டத்தில் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே என்ற கட்டத்தை வெறுமையாக விடலாம். மிச்சம் மேலே சொன்னதுதான். முடிந்ததும் லப்டொப்பைத் தானியங்கிக்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த வயரில் இணையம் வராது.

இனிப் பிரவுசரில் புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்த கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். நாஸின் புது எண் அங்கே இருக்கும். பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் உள்ள மாக் முகவரியோடு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒப்பிட்டு, அந்த எண்ணை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் எண் மாறாது. நிலையான எண்ணை நாஸுக்குள் எழுதுவதைவிட ரவுட்டரில் ஒதுக்குவதே நல்லது என்பேன். அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் பெட்டி தானாகப் புது எண் வாங்கிக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் லப்டொப்பில் நாஸின் பெயர் தெரியாவிட்டால், விண்டோஸ் புது வைஃபையைப் பொது நெட்வேர்க் என்று எடுத்திருக்கும். அதைத் தனிப்பட்டது என்று மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் தெரியாது.

கடைசியாக, பழைய இசட் டிரைவைத் துண்டித்து, புது எண்ணில் மறுபடி இணையுங்கள். அதே இசட் எழுத்தையே கொடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் உங்கள் படங்களை அந்த எழுத்தை வைத்துத்தான் தேடும். வேறு எழுத்துக் கொடுத்தால் படம் காணவில்லை என்று சொல்லி உங்களை மறுபடி பயமுறுத்தும்.