காலையில் யோசிக்க வைக்காத உடை: அம்மாக்களின் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். மதுரைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அடுத்த கடையில் தங்கை பார்லர் நடத்துகிறாள். தலைமுடி பற்றிய பதில்களில் பாதி அவளிடம் கேட்டு எழுதியது. உடை, முடி என்று எதைப் பற்றிக் கேட்டாலும், காலையில் நேரம் இல்லை என்பதைத்தான் எல்லோரும் கடைசியில் சொல்கிறீர்கள். அதனால் காலை வேலையை எப்படி முன்கூட்டியே முடித்து வைப்பது என்பதையே முக்கியமாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் பள்ளி ஆசிரியை, ஈரோடு. தினமும் சேலை. காட்டன் சேலை கட்டினால் கொசுவம் உப்பிக்கொண்டு நிற்கிறது, கட்டி முடிக்கவே இருபது நிமிடம் ஆகிறது. சிந்தெட்டிக் கட்டினால் வியர்த்துக் கொட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: காட்டனையே கட்டுங்கள் தங்கை. உப்பிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்டிக் கஞ்சிதான். இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்து சேலையை முக்கி எடுங்கள். அடர்ந்த நிறச் சேலை என்றால் வடிகட்டாமல் போடவே கூடாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த வாரத்துக்கான சேலைகளை மடித்து வைத்துவிடுங்கள். இப்போது பார்லர்களில் ‘பாக்ஸ் ஃபோல்டிங்’ என்று காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்களே, அதேதான், வீட்டிலேயே வரும். முந்தானையை நாலு விரல் அகலத்துக்கு மடிப்பெடுத்து, தோள் வரும் இடத்தில் ஒரு பின், நுனியில் ஒரு கிளிப். பிறகு ஒருமுறை உடம்பில் சுற்றிப் பார்த்து, கொசுவம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே ஒரு பின் குத்துங்கள். கழற்றி, அந்தப் பின்னிலிருந்து கொசுவத்தை எடுத்து, மேலே ஒரு கிளிப் மாட்டி இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். காலையில் சுற்றி, சொருகி, தோளில் பின் குத்தினால் வேலை முடிந்தது. ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். அது பருத்தி, சுருங்கும். சுருங்கினால் சேலையின் ஓரம் இழுத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு நன்றாக மடித்தாலும் கொசுவம் படியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் சேலை கட்டுகிறவர்கள் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கயிறு அழுத்தினால் தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும். அந்த இடத்தில் ஆறாத புண் வந்து புற்றுநோய் வரை போன பெண்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் தவிர்க்கக்கூடியது. மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கட்டும் இடத்தையும் அவ்வப்போது கொஞ்சம் மேலே கீழே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். என் மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு நான்தான் தலை பின்னிவிட வேண்டும். பள்ளியில் இரட்டைச் சடை, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். நான் பின்னினால் பத்து மணிக்கே அவிழ்ந்துவிடுகிறது. அப்பாக்களுக்கும் சொல்லித்தருவீர்களா?

பதில்: கட்டாயம் சொல்லித்தருகிறேன் தம்பி. இப்படிக் கேட்டதே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சிக்கெடுப்பது. அதை முந்தின நாள் இரவே செய்துவிடுங்கள். நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வர வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் இறுகும், பிள்ளையும் அழும். நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வையுங்கள்.

காலையில் நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை சீப்பின் முனையால் நேர் வகிடு எடுங்கள். ஒரு பக்கத்து முடியை ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலந்துகொண்டே இருக்கும். இப்போது கையில் இருக்கும் முடியைக் காதுக்குப் பின்னால், காது மடலின் கீழ்நுனி உயரத்தில் சேர்த்துப் பிடியுங்கள். மூன்று கால்களாகப் பிரியுங்கள். மூன்றும் ஒரே கனமாக இருக்க வேண்டும், சடை கோணிக்கொள்வது இங்கேதான். முதல் இரண்டு பின்னல் தளர்வு, அதற்குக் கீழே இறுக்கம். புதிதாகப் பின்னுகிறவர்கள் மேலே இறுக்கிவிட்டுக் கீழே விட்டுவிடுவார்கள், அதனால்தான் பத்து மணிக்கே அவிழ்கிறது.

பாதிச் சடை பின்னியதும் ரிப்பனை நடுவில் மடித்து, அந்த மடிப்பு சடைக்குப் பின்னால் வரும்படி வையுங்கள். ரிப்பனின் இரண்டு பக்கமும் இரண்டு ஓரக் கால்களோடு சேர்ந்து போகட்டும். நுனிவரை ரிப்பனோடு சேர்த்துப் பின்னி, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பிறகு சடையை மேலே மடித்து, ஆரம்பித்த இடத்தோடு சேர்த்துக் கட்டிப் பூ முடிச்சுப் போட்டால் சாயங்காலம் வரை அசையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் ரிப்பன் போதும். வழுவழு சாட்டின் ரிப்பன் நழுவும், கொஞ்சம் சொரசொரப்பானதாக வாங்குங்கள். கை பழக வேண்டுமென்றால் துப்பட்டாக்கள் மூன்றை நாற்காலியில் கட்டி இரவில் பின்னிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தலை ஈரமாக இருக்கும்போது பின்னாதீர்கள், உள்ளே காயாமல் வாடை வரும். பின்னி முடித்ததும் நெற்றி ஓரத் தோல் இழுத்துக்கொண்டு, முடி வேரில் சின்னச் சின்னப் புடைப்பாகத் தெரிந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். தினமும் அப்படி இழுத்தால் நெற்றி ஓரத்தில் முடி குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: அக்கா, பள்ளியிலிருந்து பேன் வந்துவிட்டது. பேசாமல் பாய்கட் வெட்டிவிடலாமா?

பதில்: பேனுக்காக முடியை வெட்ட வேண்டாம். பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி ஆகிவிடும். ஈர் பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் ஒருமுறை மருந்து போட்டு நிறுத்தினால் அடுத்த கூட்டம் வந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் பேன் லோஷனை அதில் சொன்ன அளவில் போட்டு, ஒன்பதாம் நாள் மறுபடி போடுங்கள். இடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, ஈரத் தலையில் கண்டிஷனர் தடவிப் பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் குறைகிறதா என்று தெரியும். வீட்டில் எல்லோர் தலையையும் அன்றே பாருங்கள், பாட்டி தலையையும் சேர்த்து. மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, கரப்பான் பூச்சிக்குக் கோடு போடும் சாக்பீஸ் எதுவும் தலைக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். குளித்தால் கை நிறைய முடி வருகிறது. பழைய பிளவுஸ் ஒன்றும் ஏறவில்லை. பால் கொடுப்பதால் எதைப் போட்டாலும் சிரமம். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை அக்கா.

பதில்: முதலில் முடி. கர்ப்ப காலத்தில் விழ வேண்டிய முடி விழாமல் தங்கியிருக்கும். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் வாக்கில் அதெல்லாம் சேர்ந்து கொட்டும். நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டி முடி நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள், அது புது முடி. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர்தான் வளரும், அதனால் பொறுமை வேண்டும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால், அல்லது கூடவே ரொம்பச் சோர்வாக இருந்தால், மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பதில் காசுதான் போகும்.

இப்போதைக்குத் தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை ‘யு கட்’ வெட்டிக்கொள்ளலாம். சீவுவது சுலபம், நுனி மெலிந்து தெரியாது. வகிட்டை இடம் மாற்றி எடுங்கள், அகன்ற கோடு மறையும். வெட்ட மனமில்லையென்றால் கோடாலி முடிச்சுப் போடுங்கள், பின் வேண்டாம், இழுப்பும் கிடையாது.

பிளவுஸ் எல்லாவற்றையும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். உடம்பு இன்னும் மாறும். இரண்டே இரண்டை எடுத்துப் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துப் பாருங்கள். நல்ல தையல்காரர் உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு இன்ச் மார்ஜின் விட்டிருப்பார். புதிதாகத் தைக்கும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள்: “பக்கவாட்டில் ஒரு இன்ச் உள்ளே விடுங்கள், லைனிங்கை நனைத்துப் போடுங்கள், ஹூக் முன்னால் வையுங்கள்.” துணிக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் குறைத்துத் தையலுக்குக் கொடுங்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். ஐந்நூறு ரூபாய்ச் சேலைகூட அளவான பிளவுஸோடு எடுப்பாக இருக்கும்.

பால் கொடுக்க, மார்புத் தையலோடு தையலாக ஜிப் மறைந்திருக்கும் ஃபீடிங் குர்த்தி மூன்று இருந்தால் போதும். பூ பூவாகப் பிரிண்ட் போட்டது எடுங்கள், பால் கசிந்த ஈரம் தெரியாது. கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடையோடு நிற்கவில்லை, எதிலுமே மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இந்த நேரத்தில் நிறையப் பேருக்கு வருவதுதான், சிகிச்சையும் இருக்கிறது.

கேள்வி: குழந்தைக்கு இரண்டு மூன்று தடவை மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வருமா?

பதில்: வராது. வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதில்லை. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிமனாகத் தெரிகிறது. வேண்டுதலுக்குப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம்.

கேள்வி: நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூல் வேன் வரை போகிறேன். ஆறாம் வகுப்பு மகள் “அப்படி வராதேம்மா” என்கிறாள். நைட்டி தவறா?

பதில்: தவறே இல்லை. நாலு மணிக்கு எழுந்து சமைக்கிற உடம்புக்குக் காற்றோட்டமான உடை அது. ஆனால் மகள் சொல்வதையும் ஒதுக்காதீர்கள், அந்த வயதில் அவளுக்கு அது பெரிய விஷயம். நைட்டி மாதிரியே தளர்வாக, வெளியேயும் போகிற மாதிரி ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். நைட்டிக்கு எடுக்கும் அதே பருத்தித் துணியில் முழங்காலுக்குக் கீழே வரும் குர்த்தி, பக்கத்தில் ஸ்லிட், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட். துண்டு தேவைப்படாது. பாக்கெட் கேளுங்கள். சாவி, போன், சில்லறை எல்லாம் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பையையும் தூக்குகிறோம், நமக்குத்தான் பாக்கெட் முதலில் வேண்டும். ரேயான் என்றால் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள், முதல் துவைப்பில் சுருங்கும்.

கேள்வி: நரை மறைக்க மாதாமாதம் டை அடிக்கிறேன். மருதாணிக்கு மாறலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: மாறலாம். ஆனால் மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பட்டையாகத்தான் தெரியும். கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசிய பிறகு அவுரிப் பொடி போட வேண்டும், அரை நாள் வேலை. ‘கறுப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் வருவதில் பெரும்பாலும் டையில் இருக்கும் பிபிடி ரசாயனமே இருக்கும், உடனே கறுப்பாவது அதனால்தான். எது போட்டாலும் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால், வீங்கினால் அதைத் தொடாதீர்கள். நேரமே இல்லையென்றால் வகிட்டிலும் காதோரத்திலும் மட்டும் போடுங்கள், பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் போகும். நரையை அப்படியே விட்டுவிட்டு, முடிவெட்டை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கிறேன். ஒரே வருடத்தில் சின்னதாகிவிடுகிறது. பெரிதாகத் தைத்தால் தடுக்கி விழுகிறாள்.

பதில்: இப்போதைய உயரத்துக்கே தைத்து, நடுவில் டக் மடிப்புப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை இன்ச் மடிப்பு ஒன்றைப் பிரித்தால் ஒரு இன்ச் நீளம் கிடைக்கும். ஜரிகைப் பார்டருக்கு மேலே வரிசையாக நாலு மடிப்பு வைத்தால் அழகாகவும் இருக்கும், இரண்டு வருடமாவது வரும். இடுப்பில் நாடா வேண்டாம், பருத்தித் துணியில் பாடி வைத்துத் தோளில் தொங்கும்படி தைத்தால் ஓடி ஆடினாலும் நழுவாது. எடுத்து வைக்கும்போது பழைய பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

கேள்வி: தம்பி கல்யாணம் வருகிறது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் போட ஆசை. கணவர் வேண்டாம் என்கிறார்.

பதில்: இதில் நான் உங்கள் கணவர் பக்கம். நாலு பேரும் ஒரே நிறம் என்றால் போட்டோவில் யூனிஃபார்ம் மாதிரி தெரியும். உங்கள் சேலையை முதலில் எடுங்கள். அதன் உடல் நிறத்தில் மகளுக்குப் பாவாடை, பார்டர் நிறத்தில் கணவருக்குச் சட்டை. கணவர் எப்போதும் போல வெள்ளை வேட்டி. சின்னவனுக்கு ஒட்டிக்கோ வேட்டி, பாக்கெட் வைத்ததாக எடுங்கள், உள்ளே ஒரு டிராயர் போட்டுவிடுங்கள். கடைக்குப் போகும்போது சேலையோடு வந்த பிளவுஸ் துணியைக் கையில் எடுத்துப் போங்கள், போன் போட்டோவை நம்பாதீர்கள். சட்டைத் துணியையும் அதையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சேர்த்துப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.