புரொப்பெல்லர் முன்னுக்கு நிண்டா என்ன, பின்னுக்கு நிண்டா என்ன?

கேள்வி: சென்னையில இருந்து பலாலிக்கு வாற ஏ.ரி.ஆர் பிளேனில புரொப்பெல்லர் ரெண்டும் செட்டைக்கு முன்னுக்கு இருக்கு. பின்னுக்குப் பூட்டினா செட்டை தூக்கிற விசை குறையுமோ? - ஏ.எல் மாணவன், உரும்பிராய்

பதில்: ஓம் தம்பி, மெதுவாப் பறக்கேக்க குறையும். நல்ல வேகத்தில போகேக்க பெரிய வித்தியாசம் தெரியாது.

வீட்டிலயே பாக்கலாம். கொப்பித்தாளை மடிச்சு மேல்பக்கம் வளைஞ்சு நிக்கிற மாதிரி ஒட்டி ஒரு குட்டிச் செட்டை செய்யுங்கோ, குறுக்கால ஒரு ஸ்ரோவைக் குத்தி அதுக்குள்ளால நூலை விட்டு, நூலை மேலயும் கீழயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ரேபிள் ஃபேனுக்கு முன்னால நில்லுங்கோ, செட்டை விறுவிறெண்டு நூலில ஏறும். அதையே ஃபேனுக்குப் பின்னால கொண்டுபோனா அசையிறதே கஷ்டம். ஏனெண்டா ஃபேன் காத்தை நாலாபக்கத்தாலயும் மெல்லமா உறிஞ்சுது, ஆனா தள்ளேக்க ஒரே பக்கமா வேகமாத் தள்ளுது. வேகம் ஒண்டரை மடங்கானா தூக்கிற விசை ரெண்டேகால் மடங்கு, அதுதான் விசயம்.

ஏ.ரி.ஆர் 72 இன்ர புரொப்பெல்லர் ஒண்டு கிட்டத்தட்ட 3.9 மீற்றர் அகலம், செட்டை நுனிக்கு நுனி 27 மீற்றர். அப்ப ரெண்டும் சேர்த்து செட்டையின்ர மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான நீளத்துக்குத்தான் புரொப்பெல்லர் தள்ளுற காத்து படுது, அதுவும் ஃப்ளாப், அதாவது செட்டையின்ர பின்விளிம்பில கீழ இறக்கிற பலகை, இருக்கிற உள்பக்கம். இறங்கேக்க ஃப்ளாப்பை விட்டா அந்தக் காத்து கீழ திரும்பி இன்னும் தூக்கும். அதால கடைசி நேரத்தில பவரைச் சடாரெண்டு குறைச்சா வேகம் மட்டுமில்லை, தூக்கிறதும் விழுந்திடும்.

பின்னுக்குப் பூட்டுறதும் பிழையில்லை. 1903 இல ரைட் சகோதரர்கள் அப்பிடித்தான் பூட்டினவை. செட்டைக்குக் குழம்பாத காத்துக் கிடைக்கும், இழுவை, அதாவது காத்துத் தடை, குறையும், ஆனா செட்டை கலக்கிவிட்ட காத்துக்குள்ள புரொப்பெல்லர் சுத்த வேண்டியிருக்கிறதால சத்தம் கூட.

எனக்கு ஆகப் பிடிச்சது பிரான்சின்ர பிரெகே 941, 1961 இல பறந்தது. நாலு புரொப்பெல்லரின்ர காத்தும் கிட்டத்தட்ட முழுச் செட்டையையும் மூடும். ஒரு பக்கக் காத்து நிண்டா அந்தப் பக்கம் சரிஞ்சு பிளேன் புரண்டிடும் எல்லோ, அதால நாலையும் ஒரே தண்டால இணைச்சு வைச்சிருந்தவங்கள், ஒரு எஞ்சின் செத்தாலும் நாலும் சுத்தும். நாசாவின்ர எக்ஸ்-57 எண்ட மின்சாரப் பரிசோதனை பிளேனில செட்டை முன்விளிம்பிலயே 12 குட்டிப் புரொப்பெல்லர், ஏறேக்கயும் இறங்கேக்கயும் மட்டும் சுத்தி, மற்ற நேரம் மடங்கிக் கிடக்கிற மாதிரித் திட்டம். ஒருக்காலும் பறக்க விடாமலே 2023 இல மூடிப்போட்டினம், எனக்கு அது இப்பவும் மனவருத்தம்.