பெடரர்–நடால்: தோளுக்கு மேல் எழும்பிய அந்தப் பந்து (கேள்வி பதில்)

ரோஜர் பெடரரும் ரஃபேல் நடாலும் மோதிய அதிகாரபூர்வ ஆட்டங்கள் மொத்தம் 40. முதல் ஆட்டம் 2004 மார்ச்சில் மயாமியில், கடைசி ஆட்டம் 2019 ஜூலையில் விம்பிள்டனில். இந்த மோதலைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. கோர்ட்டின் பக்கங்கள் அடிக்கடி வரும் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வலையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பாதி டியூஸ் பக்கம், இடப்பாதி அட்வான்டேஜ் பக்கம்.

கேள்வி: நேருக்கு நேர் கணக்கு 24–16, நடால் முன்னிலை. களிமண் தரையில் அதிகம் மோதியதால்தான் இப்படி என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா சார்?

பதில்: பாதி சரி. 40 ஆட்டங்களில் 16 களிமண்ணில் நடந்தவை, அதில் 14 நடாலுக்கு. கடினத்தரையில் 11–9, புல்தரையில் 3–1 என்று பெடரர்தான் முன்னிலை. பெடரர் களிமண்ணில் சுமாரான ஆட்டக்காரராக இருந்திருந்தால் அந்த இறுதிப் போட்டிகளுக்கே வந்திருக்க மாட்டார், அத்தனை தோல்விகளும் கணக்கில் ஏறியிருக்காது. மறுபுறம், நடாலின் ஆரம்ப வருடங்களில் கடினத்தரைத் தொடர்களின் கடைசிச் சுற்றுவரை அவர் அவ்வளவு அடிக்கடி வரவில்லை. இது நியாயமான வாதம்.

ஆனால் இந்த வாதம் ஆஸ்திரேலிய ஓபனை விளக்காது. அங்கே தரை கடினம், ஆனாலும் 2009, 2012, 2014 என மூன்று முறை நடால் ஜெயித்தார். பெடரருக்கு 2017 மட்டும்தான். கிராண்ட்ஸ்லாம் கணக்கு மொத்தமாக 10–4, நடால் பக்கம். ஆகவே காரணத்தைத் தரையில் மட்டும் தேடினால் கிடைக்காது. நடாலின் இடக்கையையும் பெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டையும் (ராக்கெட் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் அடிக்கும் அடி) சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, அந்த "உயரமான பந்து" விஷயத்தை விளக்க முடியுமா? எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற பதில்களில் பாதி இதன்மேல்தான் நிற்கிறது.

நடால் இடக்கையில் கிராஸ்கோர்ட் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடிக்கும் கைப்பக்கத்து அடி) அடித்தால் பந்து மூலைவிட்டமாகப் போய் வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் விழும். கோர்ட்டின் மிக நீளமான கோடு அது. வலையின் தாழ்வான நடுப்பகுதியைக் கடக்கும் கோடும் அதுதான். அதாவது நடாலுக்கு ஆபத்து மிகக் குறைந்த அடி, எதிராளியின் பலவீனமான பக்கத்துக்குப் போகிறது.

இதோடு டாப்ஸ்பின் என்னும் முன்சுழற்சி சேர்கிறது. அதிவேகக் கேமராவில் எண்ணிப் பார்த்தவர்கள் நடாலின் ஃபோர்ஹேண்டுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 3200 சுற்றுகள் என்றும், பெடரருக்குச் சுமார் 2700 என்றும் சொன்னார்கள். அந்தச் சுழற்சியால் பந்து வலைக்கு மேல் உயரமாகப் போனாலும் பேஸ்லைனுக்குள் (கோர்ட்டின் பின்எல்லைக் கோடு) இறங்கிவிடும். தரையில் பட்டதும் துள்ளி எழும்.

ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்கு வசதியான உயரம் இடுப்பிலிருந்து மார்பின் அடிப்பகுதி வரை. அந்த உயரத்தில் கை நீண்டு, தோளும் உடம்பும் பந்துக்குப் பின்னால் நின்று வேலை செய்யும். பந்து தோளுக்கு மேல் போய்விட்டால் ராக்கெட்டைக் கீழிருந்து மேலே வீச இடமிருக்காது. மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் வைத்துத் தள்ள வேண்டியிருக்கும். இரட்டைக்கைக்காரருக்கு மேலே உள்ள இடது கை அந்த உயரத்திலும் அழுத்தம் கொடுக்கும். பெடரருக்கு அந்த உதவி இல்லை.

அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. பின்னால் போய்ப் பந்து இறங்கும்வரை காத்திருந்தால் கோர்ட்டை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஸ்லைஸ் (பந்தின் அடியை வெட்டும் அடி) செய்தால் உயரத்திலிருந்து வெட்டிய பந்து மிதந்து போகும், நடால் ஓரடி நகர்ந்து ஃபோர்ஹேண்டால் அடிப்பார். மூன்றாவது வழி, பேஸ்லைனை விட்டு நகராமல் பந்து எழும்பும்போதே எடுப்பது. மூன்றிலும் இதுதான் சரி, இதுதான் கடினம். சில பத்து மில்லிவினாடி தவறினாலும் ஃபிரேமில் படும். களிமண்ணில் துள்ளல் சீராக இருக்காது என்பதால் அங்கே இன்னும் மோசம். 2008 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 6–1, 6–3, 6–0 என்று முடிந்தது இதன் உச்சம்.

கேள்வி: பெடரரின் ஃபோர்ஹேண்ட் அவ்வளவு பெரியதாயிற்றே. பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைச் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அடித்திருக்கலாமே?

பதில்: அடித்தார். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் மாறிவிட்டது. வலக்கை எதிராளி என்றால், இடப்பக்க மூலையிலிருந்து பெடரர் வெளிநோக்கி அடிக்கும் ஃபோர்ஹேண்ட் அவரது பேக்ஹேண்டுக்குப் போகும். ராடிக், ஹியூயிட் போன்றவர்களைப் பெடரர் அப்படித்தான் உடைத்தார். அதே அடி நடாலிடம் அவரது ஃபோர்ஹேண்டில் போய் விழுந்தது. நேர்கோட்டில் அடித்தால் நடாலின் பேக்ஹேண்டுக்குப் போகும்தான். ஆனால் அந்த நேரம் பெடரர் இடது மூலையில் இருப்பார், வலப்பக்கம் முழுக்கக் காலி. நடாலின் இரட்டைக்கை கிராஸ்கோர்ட் பேக்ஹேண்ட் அந்தக் காலி இடத்துக்குத்தான் வரும். நடால் இயல்பில் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் அந்த அடியில் வலு அதிகம்.

கேள்வி: 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 17 பிரேக் பாயிண்டில் ஒன்றைத்தான் எடுத்தார் பெடரர். பதற்றம்தானே காரணம்?

பதில்: பதற்றம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. பிரேக் பாயிண்ட் என்றால் எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு. முதல் செட்டில் மட்டும் 10 கிடைத்து ஒன்றும் கைக்கு வரவில்லை. ஆனால் ஸ்கோரைக் கவனியுங்கள். 0–40, 30–40, டியூஸுக்கு (40–40) பிறகு வரும் பிரேக் பாயிண்ட் எல்லாமே அட்வான்டேஜ் பக்கத்தில் ஆடப்படுபவை. 15–40 ஒன்றுதான் டியூஸ் பக்கம். இடக்கைக்காரரின் ஸ்லைஸ் சர்வ் அட்வான்டேஜ் பக்கத்தில் வெளியே வளைந்து போகும், வலக்கைக்காரரைப் பேக்ஹேண்டில் கோர்ட்டுக்கு வெளியே இழுக்கும். ஆக நெருக்கடி வரும்போதெல்லாம் நடாலுக்கு மிகப் பிடித்த சர்வ் மிகப் பிடித்த இடத்துக்குப் போகிறது. பெடரர் அதைத் தட்டித் திருப்புவார், பந்து நடுவில் குட்டையாக விழும், அடுத்த அடி நடாலின் ஃபோர்ஹேண்ட்.

பெடரர் பிரேக் பாயிண்டில் சர்வ் செய்யும்போது நிலைமை நேரெதிர். அதே அட்வான்டேஜ் பக்கத்தில் அவர் வெளியே போட்டால் அது நடாலின் ஃபோர்ஹேண்டுக்குப் போகும். நடுக்கோட்டில் போட்டால்தான் பேக்ஹேண்ட். 2008 விம்பிள்டன் இறுதியிலும் பெடரர் 13 பிரேக் பாயிண்டில் ஒன்றைத்தான் எடுத்தார். புல்தரையிலும் அதே கணக்கு என்றால் பதற்றத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: அந்த 2008 விம்பிள்டன் பற்றியே கேட்கிறேன். களிமண் ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர் புல்தரையில் எப்படி ஜெயித்தார்?

பதில்: தரை மாறியிருந்தது, நடாலும் மாறியிருந்தார். 2001 முதல் விம்பிள்டனில் 100 சதவீதம் ரை வகைப் புல். அதற்கு முன் 70 சதவீதம் ரை, மீதி ஃபெஸ்க்யூ. புதிய புல்லின் அடியில் மண் இறுகி நிற்பதால் துள்ளல் உயரமாகவும் சீராகவும் வந்தது. தொண்ணூறுகளின் புல்லில் நடாலின் டாப்ஸ்பின் இவ்வளவு எழும்பியிருக்காது.

நடால் பேஸ்லைனுக்கு அருகில் வந்து நின்றார், சர்வைக் கூட்டினார், தாழ்ந்த பந்துக்கு ஸ்லைஸ் பேக்ஹேண்ட் பயன்படுத்தினார். 2007 விம்பிள்டன் இறுதியிலேயே ஐந்தாவது செட்டில் பெடரரின் சர்வில் இரண்டு முறை 15–40 வரை போய் விட்டுவிட்டார். 2008இல் 6–4, 6–4, 6–7, 6–7, 9–7, 4 மணி 48 நிமிடம். நான்காவது செட் டைபிரேக்கில் (6–6க்குப் பிறகு செட்டை முடிவுசெய்யும் கேம்) நடால் 5–2 என்று முன்னிலையில், தன் சர்வில், டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) போட்டார். 8–7இல் மேட்ச் பாயிண்ட். வலைக்கு வந்த நடாலைத் தாண்டிப் பெடரர் நேர்கோட்டில் பேக்ஹேண்ட் பாசிங் அடித்துத் தப்பினார். நாம் இவ்வளவு நேரம் பலவீனம் என்று பேசிய அதே பேக்ஹேண்ட். பந்து அவருக்கு வசதியான உயரத்தில் வந்தால் அது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கேள்வி: பெடரர் களிமண்ணில் நடாலிடம் ஜெயித்த இரண்டு ஆட்டங்கள் எவை?

பதில்: 2007 ஹாம்பர்க் இறுதி, 2–6, 6–2, 6–0. களிமண்ணில் 81 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த நடாலை அங்கே நிறுத்தினார். அடுத்தது 2009 மாட்ரிட் இறுதி, 6–4, 6–4. மாட்ரிட் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், காற்றில் பந்து வேகமாகப் போகும், பெடரரின் சர்வுக்கு அது சாதகம். மூன்றாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். 2006 ரோம் இறுதியில் ஐந்தாவது செட்டில் இரண்டு மேட்ச் பாயிண்ட் கையில் இருந்தது, இரண்டிலும் ஃபோர்ஹேண்ட் தவறியது. ஐந்து மணி நேரம் தாண்டிய அந்த ஆட்டத்துக்குப் பிறகு இருவரும் அடுத்த ஹாம்பர்க் தொடரிலிருந்தே விலகினார்கள். ரோம், ஹாம்பர்க் போன்ற மாஸ்டர்ஸ் தொடர்களின் (கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலை) இறுதிகள் 2007இலிருந்து ஐந்து செட்டிலிருந்து மூன்று செட்டாகக் குறைந்தன.

கேள்வி: யு.எஸ். ஓபனில் ஏன் ஒரு முறைகூட மோதவில்லை?

பதில்: ஒவ்வொரு முறையும் ஒருவர் ஓரடி முன்னால் விழுந்தார். 2008இல் நடால் அரையிறுதியில் முர்ரேயிடம், 2009இல் டெல் போட்ரோவிடம் தோற்றார். 2010, 2011 இரண்டிலும் அரையிறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராகப் பெடரர் இரண்டிரண்டு மேட்ச் பாயிண்டைத் தவறவிட்டார். 2013இல் ரொப்ரெடோ, 2017இல் மறுபடி டெல் போட்ரோ பெடரரை நிறுத்தினார்கள். நியூயார்க்கின் வேகமான தரையில் பெடரரின் நல்ல வருடங்களில் ஓர் ஆட்டம் நடந்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: 2017இல் பெடரர் திடீரென்று நாலு முறை தொடர்ந்து ஜெயித்தார். 35 வயதில் என்ன மாற்றினார்?

பதில்: ராக்கெட்டில் இருந்து தொடங்க வேண்டும். 2013 வரை அவர் வைத்திருந்தது 90 சதுர அங்குலத் தலை, நடாலிடம் 100. 2014இல் 97க்கு மாறினார். அந்த ஏழு அங்குலத்தில் முதலில் பயன் பெற்றது உயரத்தில் எடுக்கும் பேக்ஹேண்ட்தான், மையத்தில் படாத பந்தும் உள்ளே போனது. ஆனால் மாறிய உடனே பலன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2014 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் நேர் செட்களில் தோற்றார். பழக வேண்டியிருந்தது.

2016இல் முழங்கால் அறுவை சிகிச்சை, விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாதம் ஆட்டமே இல்லை. அந்த ஓய்வு உடம்பைச் சரிசெய்தது. இவான் லூபிசிச் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார், அவரும் ஒற்றைக்கை பேக்ஹேண்ட்காரர். 2017 மெல்பர்னில், அதாவது ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில், பெடரர் பேக்ஹேண்ட் ரிடர்னைத் (சர்வைத் திருப்பும் அடி) தட்டித் திருப்புவதை வெகுவாகக் குறைத்து, பேஸ்லைன் மேலேயே நின்று, எழும்பும்போதே தட்டையாக அடித்தார். அப்படி அடித்தால் நடாலுக்கு அடுத்த ஃபோர்ஹேண்டுக்கு நேரம் கிடைக்காது. தரையும் முந்தைய வருடங்களைவிட வேகமாக இருந்தது.

ஐந்தாவது செட்டில் 1–3 என்று பின்தங்கி, அங்கிருந்து ஐந்து கேம் தொடர்ந்து எடுத்தார். 4–3இல் நடந்த 26 அடி ராலியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். பெடரர் பேக்ஹேண்ட் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் பாதம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். 2008இல் அதே அடிக்குப் பாதம் எங்கே போனது என்று ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும். பிறகு இண்டியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் மூன்றிலும் நடாலிடம் ஒரு செட்கூட விடவில்லை.

கேள்வி: ஐயா, நானும் ஒற்றைக்கை பேக்ஹேண்ட். எங்கள் கிளப்பில் ஒரு இடக்கைக்காரர் என்னை இப்படியேதான் போட்டு வாங்குகிறார். என்ன செய்வது?

பதில்: அட்வான்டேஜ் பக்கம் ரிடர்ன் எடுக்கும்போது வழக்கமான இடத்தைவிட அரையடி இடப்பக்கமும் ஓரடி முன்னாலும் நில்லுங்கள். வளையும் சர்வை அது விரிவதற்குள் எடுக்க வேண்டும். பின்வீச்சைப் பாதியாகக் குறையுங்கள், தோளை மட்டும் சீக்கிரம் திருப்புங்கள். ரிடர்னை அவர் ஃபோர்ஹேண்டுக்குக் கிராஸ்கோர்ட்டாகத் தராமல் நடுவில் ஆழமாகப் போடுங்கள். நடுவிலிருந்து அவருக்குக் கோணம் கிடைக்காது.

உங்கள் சர்வ் டியூஸ் பக்கம் என்றால் வெளியே ஸ்லைஸ் போடுங்கள், அது அவரது பேக்ஹேண்ட். பயிற்சிக்கு ஒருவரைத் தோள் உயரத்துக்கு எழும்பும்படி பந்து போடச் சொல்லி, பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல் இருபது இருபதாக அடியுங்கள். முதல் வாரம் பாதி வெளியே போகும். பெரும்பாலும் காரணம் பந்தை உடம்புக்கு அருகில் எடுப்பது, ஓர் அடி முன்னால் எடுத்தால் சரியாகும். ஸ்லைஸைக் கைவிட வேண்டாம், ஆனால் தாழ்ந்த பந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவர்கள் இருவரும் இந்தியாவில் மோதியிருக்கிறார்களா? நடால் சென்னைக்கு வந்த ஞாபகம்.

பதில்: அதிகாரபூர்வமாக இல்லை. 2015 டிசம்பரில் டெல்லியில் ஐபிடிஎல் (இன்டர்நேஷனல் பிரீமியர் டென்னிஸ் லீக்) போட்டியில் ஒரு செட் ஆடினார்கள், அது 40இல் சேராது. நடால் நுங்கம்பாக்கத்தில் ஆடியது உண்மை. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் மோயாவை ஏறக்குறைய நான்கு மணி நேரம், மூன்று டைபிரேக் ஆடி ஜெயித்தார். மறுநாள் கால் நகரவில்லை, இறுதியில் யூஸ்னியிடம் 6–0, 6–1 என்று தோற்றார்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பெடரர் ராக்கெட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பெடரர் பெயரில் வந்த 97 அங்குல மாடல் நரம்பு கட்டாமலேயே 340 கிராம். அந்த வயதில் இரண்டாவது செட்டிலேயே வீச்சு தாமதமாகும், பிறகு மணிக்கட்டால் ஈடுகட்டப் பார்ப்பான், முழங்கை வலி அங்கிருந்துதான் தொடங்கும். 100 அங்குலத் தலை, 270 முதல் 285 கிராம் போதும். நரம்பு விஷயத்தில் நடாலைப் பார்த்து முழுக்க பாலியெஸ்டர் கட்டிவிடாதீர்கள். நடால் கட்டியது 55 பவுண்டு இழுவையில், 1.35 மில்லிமீட்டர் தடிமனில். வளரும் கைக்கு அது மிக இறுக்கம். பெடரரே நீளவாக்கில் இயற்கை நரம்பும் குறுக்கே பாலியெஸ்டரும்தான் கட்டினார். இயற்கை நரம்பின் விலை அதிகம் என்பதால் பையனுக்கு மல்டிஃபிலமெண்ட் (பல மெல்லிய இழைகளால் ஆன நரம்பு) வகையை 50 பவுண்டில் கட்டச் சொல்லுங்கள். இழை பிரிந்து பிசிறு தெரிந்தால் அறும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.