குறுக்கே கட்டிய அடைகள்

அன்புள்ள ஐயா,

அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நாலு தேன் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் நம்மூர் அடுக்குத் தேனீ, ஏழு சட்டம் உள்ள நியூட்டன் பெட்டி. ஒரு பெட்டியில் காலிச் சட்டம் மூன்றைச் சேர்த்துப் போட்டேன். மூன்றையும் இணைத்துக் குறுக்கே அடை கட்டிவிட்டது. ஒன்றைத் தூக்கினால் மூன்றும் வருகிறது. அறை வடிவம் அச்சிட்ட மெழுகுத் தாளைச் சட்டத்தில் ஒட்டாததுதான் காரணம் என்கிறார் பெட்டி விற்றவர். இத்தாலியத் தேனீக்கான தாள் கைவசம் இருக்கிறது, வெட்டி ஒட்டலாமா? இல்லை, பக்கத்து வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு அடை வாங்கி வைக்கட்டுமா? ரப்பர் துளிர்க்குமுன் சரிசெய்ய வேண்டும்.

ஒரு வாசகர், அருமனை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தாளை ஒட்டாதீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் அறை ஏறத்தாழ 5.3 மி.மீ. அகலம். நம் தேனீயில் வேலைக்காரத் தேனீ வளரும் அறை நாலேகாலிலிருந்து நாலரை மி.மீ.தான். அச்சு பொருந்தாவிட்டால் தாளைக் கடித்துப் போடும், அல்லது அதன்மேல் ஏறுமாறாகக் கட்டும். தாள் இல்லாமலே நேராகக் கட்டத் தேனீக்குத் தெரியும். குறுக்கே கட்டியிருந்தால் முதலில் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மெழுகு சுரப்பது பெரும்பாலும் 12 முதல் 18 நாள் வயதுள்ள வேலைக்காரத் தேனீ. வயிற்றின் அடிப்பக்கம் நாலு ஜோடிச் சுரப்பிகளிலிருந்து கண்ணாடிச் செதில் போல மெழுகு வரும். அதைப் பின்காலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோய், மென்று குழைத்து ஒட்டும். கட்டும் இடத்தில் தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். மேல்கட்டையில் இரண்டு மூன்று இடத்தில் நாக்கு மாதிரி இறங்கும் துண்டுகள் பிறகு ஒன்றுசேர்ந்து ஒரே அடையாகும். இறங்குவது புவியீர்ப்பின் கோட்டில். சட்டத்துக்குக் குறுக்கே பெட்டி சாய்ந்திருந்தால் அடை நேராகத்தான் இறங்கும், சட்டம்தான் விலகி நிற்கும். அப்போது அடையின் அடிப்பக்கம் பக்கத்துச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கொத்தனாரின் ரசமட்டத்தை மேல்கட்டைகளுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சட்டத்தின் நீளவாக்கில் கொஞ்சம் சரிவு இருந்தால் பரவாயில்லை.

அடுத்து இடைவெளி. நம் தேனீயின் குஞ்சு அடை, அதாவது புழு வளரும் அடை, ஏறத்தாழ இரண்டு செ.மீ. கனம், இரண்டு அடைக்கு நடுவே நடக்க எட்டு ஒன்பது மி.மீ. வேண்டும். அதனால் ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை சுமார் 30 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட அகன்றால் நடுவில் இன்னொரு அடை முளைக்கும், அல்லது தேன் பகுதி தடித்துப் பக்கத்து அடையைத் தொடும். மூன்று காலிச் சட்டத்தை ஒட்டி ஒட்டிப் போட்டதுதான் உங்கள் பெட்டியில் பெரிய கோளாறு. ஒன்றிலும் வழிகாட்டும் அடை இல்லாததால் தேனீ தன் விருப்பத்துக்குத் திசை பிடித்துக்கொண்டது. நேரான இரண்டு குஞ்சு அடைக்கு நடுவே ஒரு காலிச் சட்டம் மட்டும் போடுங்கள், அது நிறைந்த பிறகு அடுத்தது. எல்லா அடையையும் தேனீ மூடி நிற்கும் கூட்டில்தான் இதைச் செய்யலாம். பலம் குறைந்த கூட்டில் குஞ்சு குளிர்ந்து சாகும்.

சட்டத்தைப் பெட்டியில் போடும்முன் மேல்கட்டையின் அடிப்பக்கம், நடுக்கோட்டில், மெழுகை உருக்கி மெல்லிய கோடாகத் தடவுங்கள். மெழுகுப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்தே உருக்க வேண்டும், 65 டிகிரி போதும். பழைய அடையின் ஒரு செ.மீ. பட்டையை அந்தக் கோட்டில் ஒட்டினால் இன்னும் நல்லது.

இனி இணைந்திருக்கும் மூன்று சட்டம். வெயில் தாழ்ந்தபின் நாலரை மணிக்குமேல், தேங்காய் நார்ப் புகை லேசாகக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். புது அடை நண்பகல் சூட்டில் கையோடு பிய்ந்துவரும். ராணி எங்கே என்று பார்த்து, அது இருக்கும் அடையை முதலில் ஒதுக்கி வையுங்கள். குஞ்சு உள்ள பகுதியை மட்டும் வெட்டி, சட்டத்தின் அளவுக்குச் சீவி, மேல்விளிம்பு கட்டையோடு இடைவெளியில்லாமல் ஒட்டும்படி வாழைநாரால் இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். தலைகீழாகக் கட்டாதீர்கள், அறைகள் வாய்ப்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தேன் நிறைந்த துண்டைக் கட்டவே வேண்டாம். அது கனத்தில் அறுந்து ஒழுகும், எறும்பு வரும், மற்றப் பெட்டித் தேனீயும் கொள்ளையடிக்க வரும். நாலைந்து நாளில் அடை பிடித்துக்கொள்ளும், பிறகு நாரை எடுத்துவிடலாம். குஞ்சை நிறைய வெட்டி எறிந்தால் கூடே கிளம்பிப் போய்விடும். நம் தேனீக்கு அந்தக் குணம் உண்டு.

பக்கத்து வீட்டு அடை வேண்டாம் என்றே சொல்வேன். 1991-92இல் ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற, புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் எத்தனை பெட்டிகளைக் காலிசெய்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அடை வழியாகவும் அது பரவும். வாங்கியே தீர வேண்டுமென்றால், அந்தப் பெட்டியில் மூடி திறந்த அறைக்குள் புழு தலையைத் தூக்கிச் செத்துக் கிடக்கிறதா, எடுத்தால் நீர் நிறைந்த பை போல வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. புதுத் துளிரில் மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும் முன் நடுவே கொஞ்சநாள் தேன் வரத்து இருக்காது, வரத்து இல்லாமல் மெழுகும் சுரக்காது. அந்த நாட்களில் சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்து, மாலையில், ஒரு வேளைக்குக் குடித்து முடிக்கும் அளவு மட்டும் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்து கிடந்தால் அடை கட்டும் வேலை தொடங்கிவிட்டது. அதன்பிறகு காலிச் சட்டத்தைப் போடுங்கள்.