டிஜிட்டல் ஸ்கிராப்புக், ஆர்ட் ஜர்னல் (போட்டோ, படம், எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்லயோ போன்லயோ ஒட்டி பக்கம் பக்கமா பண்ற டைரி) பண்றவங்க ஐடியா எங்கேர்ந்து புடிக்கிறீங்க? பின்ட்ரெஸ்ட்ல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே

முதல்ல பின்ட்ரெஸ்ட்ட கொஞ்ச நாள் மூடி வைங்க. கெட்டதுன்னு சொல்லல, ஆனா அதுல வர்றதெல்லாம் ஏற்கனவே ஒருத்தர் முடிச்ச பக்கம், அதையே பாத்துட்டு இருந்தா நம்ம கையும் அதே மாதிரி இன்னொன்னு பண்ணத்தான் போகும். ஆன்லைன்ல விக்கற ஸ்கிராப்புக் 'கிட்'டையும் (ஒட்டறதுக்கு ரெடியா இருக்கற படங்களோட தொகுப்பு) பாருங்க, மேப்பிள் இலை, பூசணிக்கா, காபி கறை, ஈஃபில் டவர், லாவெண்டர். அந்த ஊர்க்காரங்களுக்கு அது சரி. தேனில சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு போய்ட்டு வந்த போட்டோவுக்கு பின்னாடி மேப்பிள் இலை எதுக்குங்க?

நான் பக்கத்த பத்தி யோசிக்கறதே இல்ல, ஏதாவது ஒரு பொருள எடுத்துக்கிட்டு அதுலேர்ந்து ஆரம்பிப்பேன். பெரும்பாலும் பேப்பர் தான். மூலைல மஞ்ச தடவுன பத்திரிகை, கோயில் அர்ச்சனை சீட்டு, விபூதி மடிச்ச பொட்டலம், பீரோக்குள்ள கெடக்குற நீல கலர் இன்லாண்ட் லெட்டர், தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் (முன்னாடி ராகு காலம் எமகண்டம், பின்னாடி அம்மா எழுதுன மளிகை லிஸ்ட், எனக்கு பின்பக்கம் தான் வேணும்). அப்புறம் தீப்பெட்டி லேபிள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் அடிச்ச பழைய லேபிள் நாலஞ்ச வரிசையா வெச்சு பாருங்க, நடுவுல ஒரே ஒரு படம், சுத்தி கெட்டியா ஒரு பார்டர், மொத்தமே ரெண்டு மூணு மை, அதுவும் சில சமயம் மை லேசா வெலகி அச்சாகியிருக்கும். ஒரு பக்கத்துக்கு இதுக்கு மேல என்ன டிசைன் வேணும்! அந்த வெலகல வேணும்னே பண்ணலாம், சிவப்பு லேயர (லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித் தாள் மாதிரி) மட்டும் நாலஞ்சு பிக்சல் தள்ளி வெச்சா போதும், கம்ப்யூட்டர்ல பண்ண வழவழப்பு போய்டும்.

ஸ்கேன் பண்றப்ப ஒரு விஷயம். போன் ஸ்கேனர் ஆப் எல்லாம் தானாவே பேப்பர வெளுத்து வெள்ளையாக்கிடும், மஞ்சக் கறையும் மடிப்பும் காணாம போய்டும், நமக்கு வேண்டியதே அதுதானே. அதனால ஒரிஜினல் கலர்னு இருக்கறத செலக்ட் பண்ணுங்க, இல்லன்னா ஜன்னல் ஓரமா நேர் வெயில் படாம வெச்சு சாதா கேமராலயே எடுங்க. மெஷின்ல வர்ற பஸ் டிக்கெட், கடை பில்லு எல்லாம் தெர்மல் பேப்பர், சூடும் வெளிச்சமும் பட்டு எழுத்து மங்கிடும், அத மட்டும் வந்த அன்னிக்கே எடுத்துருங்க. பக்கம் 12க்கு 12 இஞ்ச், 300 டிபிஐன்னா (இஞ்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 3600 பிக்சல், பின்னாடி பிரிண்ட் போடணும்னு ஆசை வந்தா அது உதவும். ஆப் எதுவா இருந்தாலும் சரி, கிரிட்டா, ஜிம்ப், போட்டோபீ மூணும் காசு இல்லாமலே கெடைக்குது.

லேஅவுட் வரலன்னு நெறைய பேர் சொல்றாங்க. வீட்ல ஒரு கோலம் நோட்டு இருக்கும்ல, அத எடுங்க. 7 புள்ளி இடைப்புள்ளி 4ல நிறுத்தறதுன்னு வெச்சுக்குவோம், நடுவுல 7, மேலயும் கீழயும் 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி, தன்னாலயே ஒரு அறுகோணம் வந்துரும். அத ஒரு லேயர்ல மங்கலா வெச்சுட்டு போட்டோவோட நடு புள்ளி மேல உக்கார்ற மாதிரி வைங்க, சில புள்ளிய காலியா விடுங்க, அப்புறம் அந்த லேயர மறைச்சிருங்க. பாக்கறவங்களுக்கு புள்ளி இருந்ததே தெரியாது ஆனா பக்கம் ஒரு ஒழுங்குல நிக்கும். சிக்குக் கோலம்னா இன்னும் நல்லது, அதுல கோடு புள்ளியத் தொடாம சுத்தி சுத்தி போகுமில்ல, புள்ளி எடத்துல குட்டி குட்டி வட்ட போட்டோ, கோடு போற வழியில எழுத்து. இன்னொன்னு, நோட்டுல பேனால போட்ட கோலத்துக்கு மல்டிப்ளை மோடு (ஒரு லேயர் அடியில இருக்கறதோட எப்படி கலக்கணும்ங்கற செட்டிங்) வெச்சா வெள்ளை தாள் மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும், வாசல்ல போட்ட மாக்கோலத்த போட்டோ எடுத்தா அதுக்கு நேரெதிர், ஸ்கிரீன் மோடு வைக்கணும், தரை மங்கி வெள்ளைக்கோடு நிக்கும். ஈரத்தரையில எடுத்த படம்னா ரொம்ப சுத்தமா வரும், தரை கருப்பா இருக்குமே.

கலருக்கு புடவை. ஜோக் இல்ல. புதுசா பண்றவங்க அஞ்சு கலர் எடுத்தா அஞ்சையும் சமமா பூசிடுவாங்க, பக்கம் கத்தும். பட்டுப்புடவையில அப்படி இருக்கா? உடல் முழுக்க ஒரு கலர், பார்டர்ல அதுக்கு எதிரான ஒன்னு, முந்தில மட்டும் கொஞ்சம் ஆட்டம். அரக்குக்கு ராமர் பச்சை, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லி, மயில்கழுத்துக்கு எதையும் வைக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்லயே எம்.எஸ். ப்ளூன்னு ஒரு நீலம் இருக்கு, பழைய கருப்பு வெள்ளை போட்டோவுக்கு பின்னாடி அத வெச்சு பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ஜரிகை போட்டோ மேல ஐட்ராப்பர் (படத்துலேர்ந்து கலர எடுக்கற டூல்) வெச்சா சேறு மாதிரி ஒரு பிரவுன் தான் வரும், ஏன்னா தங்கம்ங்கறது ஒரு கலர் இல்ல, வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வர்றது. ஒரு வெளிர் மஞ்சள், ஒரு நடுத்தரம், ஒரு அடர் பிரவுன் மூணையும் பக்கத்துல பக்கத்துல கோடா போடுங்க, மின்னும்.

பேப்பர் எதுவும் வீட்ல இல்ல, எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு போயிருச்சுன்னா, எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு புதையல் சொல்றேன். ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்திய கம்பெனி காலத்துல மெட்ராஸ்ல இருந்தவர், கோயம்புத்தூர்ல பருத்தி ஆராய்ச்சியும் பார்த்தவர். இவரு நம்ம பக்கத்து செடி கொடிய எல்லாம் 1838லேர்ந்து 1853 வரைக்கும் தவணை தவணையா புக்கா போட்டாரு, 2101 படம். வரைஞ்சது ரங்கய்யா, கோவிந்துன்னு ரெண்டு இந்திய ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் வகைக்கு கோவிந்து பேரையே வெச்சிருக்காரு வைட், அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். படங்கள் பெரும்பாலும் கருப்பு கோடு தான், அதனால மல்டிப்ளைக்கு அப்படியே பொருந்தும், கலர் நம்ம இஷ்டம். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி சைட்ல இருக்கு, தமிழ்ப் பேர் போட்டா வராது, செடியோட லத்தீன் பேர விக்கிபீடியால பாத்துட்டு போடுங்க. உங்க டைரி பக்கத்துக்கு ஒரு பூ வேணும்னா ரோஜாவ டவுன்லோட் பண்றத விட, நம்ம தெருவோரத்துல மொளைக்கறது அதுல இருக்கான்னு தேடறதே ஒரு மத்தியானத்துக்கு போதும்.

எழுதறதுக்கு என்னன்னு கேட்டா, இன்னிக்கு எதுக்கெல்லாம் நன்றி சொல்றீங்கங்கற மாதிரி கேள்வி வெச்சு எனக்கு ஒரு வரி கூட வரல. கணக்கு எழுதுங்க. மல்லி முழம் என்ன வெல, அன்னிக்கு கொழம்பு என்ன, பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா போன்ல யார திட்டினாங்க. ரெண்டு வருசம் கழிச்சு படிச்சா இதுதான் சுவாரசியம். எழுத்த டைப் பண்றதா இருந்தா கவிவனார் ஃபான்ட் கொஞ்சம் கையெழுத்து சாயல்ல சாஞ்சு இருக்கும், ஆனா சில ஆப்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். வெள்ளைத் தாள்ல கையால எழுதி போட்டோ எடுத்து ஒட்டறது தான் என் ஓட்டு. முடிஞ்சா பாட்டியையோ அப்பாவையோ எழுதச் சொல்லுங்க.

கடைசியா, உங்க டைரிக்குள்ளயே இருக்கற வரைக்கும் பெருசா கவலைப்பட வேணாம், ஸ்டிக்கர், கிட்னு விக்கறதா இருந்தா மட்டும் படம் யாரோடதுன்னு பாத்துக்கோங்க. பழைய சாமி காலண்டர் படம்னா எல்லாருக்கும் பொதுன்னு நெனைப்போம், ஆனா நம்ம சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருசம் வரைக்கும் காப்பிரைட் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு 1976ல தான் இறந்தாரு, அப்ப அவர் வரைஞ்சதுக்கு 2036 முடியணும். வைட் புக்குல இருக்கற படத்துக்கு அந்த பிரச்சனை இல்ல, தாராளமா பிரிண்ட் போட்டு வித்துக்கலாம்.