வீட்டு பிராட்பேண்டில் மட்டும் சிபேனல் திறக்கவில்லை. ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா?

மாற்றாதீர்கள். உங்கள் தளம் வீட்டு லைனில் திறக்கிறது, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனல் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மொபைல் டேட்டாவில் உடனே வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் நடுவழியில்தான்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் அக்கா ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். வீட்டில் நெட் லைன் மாற்றிய அன்றே வெப்மெயில், அதாவது பிரவுசரில் பார்க்கும் மெயில், நின்றுவிட்டது. "தம்பி, யூடியூப் வருது, நம்ம கடையும் வருது, மெயில் மட்டும் வரமாட்டேங்கு. ஆர்டர் போட்டவங்க போன் பண்ணி ஏசுதாங்க" என்றார். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் வேட்டி விரித்து அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது, திண்ணையில் லேப்டாப். முகவரியின் கடைசியில் 2096 என்று இருந்ததைப் பார்த்ததும்தான் பிடிபட்டது.

போர்ட் என்பது சர்வரின் கதவு எண் மாதிரி. சாதாரணத் தளங்கள் 80, 443 ஆகிய போர்ட்டுகளில் வரும். சிபேனலுக்கு 2082, 2083. அதன் வெப்மெயிலுக்கு 2095, 2096. சிபேனலுக்குப் பதில் பிளெஸ்க் என்றால் 8443, டைரக்ட்அட்மின் என்றால் 2222. சில நெட் நிறுவனங்களும் கல்லூரி, ஆபீஸ் ஃபயர்வால்களும் (நெட்டுக்குக் காவல் நிற்கும் தடுப்புகள்) வழக்கமான சில போர்ட்டுகளை விட்டுவிட்டு மற்றதை அடைத்துவிடும்.

ஆனால் லைன்காரர் மேல் பாயுமுன் ஒன்றைப் பாருங்கள். பாஸ்வேர்டைப் பலமுறை தப்பாகப் போட்டால் சர்வரின் ஃபயர்வாலே உங்கள் ஐபியை (நெட்டில் உங்கள் லைனின் முகவரி எண்) அடைக்கும். நம் ஊர் லைன்களில் பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி இருப்பது சகஜம். எதிர்வீட்டுக்காரர் தப்பாகப் போட்டதற்கு நீங்கள் மாட்டிக்கொள்ளலாம்! அப்போது பெரும்பாலும் தளமே திறக்காது. தளம் வந்து 2083 மட்டும் வராவிட்டால் போர்ட் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து விபிஎன் வாங்க வேண்டியதில்லை. தளப் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் சிபேனல் என்று போட்டு ஒரு புள்ளி வைத்துத் திறந்து பாருங்கள். மெயிலுக்கு வெப்மெயில் என்று போடுங்கள். இது 443 வழியாகவே உள்ளே விடும். பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டுச் சிபேனல் என்று எழுதினால் உதவாது. அது வழக்கமாக உங்களைத் திரும்ப 2083-க்கே தள்ளிவிடும். உங்கள் டிஎன்எஸ் (தளப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவேடு) ஹோஸ்டிங்கில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தால், இந்த முன்பெயர்களுக்கு ஏ ரெக்கார்டு, அதாவது சர்வரின் ஐபியைக் காட்டும் பதிவு, நீங்களே சேர்க்க வேண்டும். அக்காவுக்கு இந்த மாற்று வழியும் முதலில் திறக்காமல் நின்றது இதனால்தான். சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் மூன்று நாள் ஆர்டரும் வரிசையாக வந்து நின்றது. 2082 திறக்கிறதே என்று அதில் மட்டும் நுழையாதீர்கள், பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும்.

லைன்கார அண்ணாச்சியிடம் "சிபேனல் வரலை" என்று சொன்னால், "நெட்டு ஓடுதுல்லா, பெறவென்ன?" என்பார். "வெளியே போகும் டிசிபி 2083, 2096 அடைபட்டிருக்கு, திறந்துவிடச் சொல்லுங்க" என்று எழுதியே அனுப்புங்கள். அதை அவர் அப்படியே மேலே அனுப்ப முடியும்.